பர்ஸை மூடினால் யாருக்கு வலிக்கும்?

1975 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. ஐஸ்லாந்து நாட்டுப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அன்று எந்த வேலையும் செய்யவில்லை. அலுவலகத்துக்குப் போகவில்லை, சமைக்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இல்லை. தலைநகர் ரெய்க்யவிக்கில் மட்டும் 25,000 பேர் கூடினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சட்டென்று சமைக்கலாமே என்று எல்லா ஆண்களும் சாசேஜ் வாங்கப் போக, கடைகளில் அது தீர்ந்தே போய்விட்டதாம். மறு வருடமே, 1976-இல், ஆண் பெண் சமத்துவச் சட்டம் அங்கே வந்தது. 1980-இல் விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் என்ற பெண்மணி தேர்தலில் வென்று அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

மார்ச் மாதம் பிறந்தால் இந்தக் கதை நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிடுகிறது. கூடவே ஒரு யோசனையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: பெண்கள் எல்லோரும் ஒரு நாள் எதையும் வாங்காமல் இருந்து காட்டினால் என்ன? சம ஊதியம், பதவி உயர்வில் பாகுபாடு கூடாது, வேலையிடத்தில் பாலியல் தொல்லை கூடாது என்பவை கோரிக்கைகள். வாங்காமல் இருப்பது ஆயுதம். வீட்டுச் செலவில் பெரும்பகுதியை முடிவு செய்வது பெண்கள்தான், அது நின்றால் முதலாளிமார் இறங்கி வருவார்கள் என்பது ஒரு பக்கத்து வாதம். "ஒரு நாள் வராட்டி இன்னா ஆவும்? மறுநாள் வந்து வாங்கிக்குவாங்க" என்பது எங்கள் வேலூரின் கடைவீதியான லாங்கு பஜார் பக்கத்து வாதம்.

எனக்குப் பஜாரின் பதில்தான் சரியாகப் படுகிறது. ஆனால் விஷயம் அத்தோடு முடிவதில்லை.

முதலில் ஐஸ்லாந்துக் கதையைச் சரியாகப் படிக்க வேண்டும். அங்கே நின்றது வேலை. வியாபாரம் நிற்கவில்லை, சாசேஜ் விற்றவருக்கு அன்றைக்கு நல்ல நாள்தான். பர்ஸை மூடுவது என்பது பிற்பாடு சேர்ந்த சங்கதி. 2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் 'பெண்கள் இல்லாத ஒரு நாள்' என்று அழைப்பு விடுத்தபோது, வேலைக்குப் போகாதீர்கள், சிவப்பு உடுத்துங்கள், கடைகளில் பணம் செலவழிக்காதீர்கள் என்று மூன்று விஷயம் சொன்னார்கள். பெண்களும் சிறுபான்மையினரும் நடத்தும் சிறு கடைகளுக்கு மட்டும் விலக்கு. 2018 ஜூலை 1 அன்று தென்கொரியாவில் தொடங்கிய இயக்கம் வேலைநிறுத்தத்தை விட்டுவிட்டுச் செலவை மட்டுமே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எதையும் வாங்கக் கூடாது என்பது அதன் திட்டம். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசிடியில் ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நாடு தென்கொரியா. கோபத்துக்குக் காரணம் இருந்தது. 2020 மார்ச் 9 அன்று மெக்சிகோவில் பெண்கள் வீட்டோடு இருந்துகொண்டார்கள். அங்கே தலையாய பிரச்சினை பெண்கள் கொல்லப்படுவது. அது வேறு கதை.

இந்த அழைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எதிர்ப்பு வந்தது. சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைப் புறக்கணிப்புக்கு என்ன மதிப்பு? லீவு போட்டால் சம்பளம் போகாத பெண்ணுக்கு இது சுலபம், தினக்கூலிப் பெண் என்ன செய்வாள்? 2017-இல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா நகரில் சுமார் 300 பள்ளி ஊழியர்கள் லீவு கேட்டதால் பள்ளிகளையே மூட வேண்டி வந்தது. அன்று பிள்ளையை எங்கே விடுவது என்று திண்டாடியவர்களில் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களும் இருந்திருப்பார்கள்தானே. இந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் போராட்டமும் நடக்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பணம் போகும் கடைக்கும் பெண் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே எத்தனை தூரம்? தூரம் குறைவாக இருந்தால் புறக்கணிப்பு உறைக்கும். அதிகமாக இருந்தால் அடி வேறு யார் மேலாவது போய் விழும்.

வேலூர்ப் பக்கம் இந்தத் தூரத்தை அளந்து பார்க்கலாம்.

தோலும் ஷூவும்தான் இங்கே பெரிய வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஷூ கம்பெனி பஸ்களுக்கு அந்த எல்லைக்கோடெல்லாம் கிடையாது. விடிந்ததும் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 தொழிற்சாலை ஆய்வுக் கணக்கு சொல்கிறது. அதில் இந்தப் பாலாற்றங்கரைக்கு நல்ல பங்கு உண்டு. கம்பெனிக்குள் போனால், ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஸ்டிச்சிங் வரிசையில் பெரும்பாலும் பெண்கள். தோலை வெட்டும் கட்டிங்கிலும், அச்சில் ஏற்றும் லாஸ்டிங்கிலும் பெரும்பாலும் ஆண்கள். சம்பள வித்தியாசம் எங்கே நுழைகிறது என்பதை இந்தப் பிரிவினையே காட்டிவிடும். சட்டம் 'ஒரே வேலை அல்லது ஒத்த வேலை'க்குச் சம ஊதியம் என்கிறது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் ஒப்பிடுவதற்கு ஆளே இருக்காது.

சரி, இந்தப் பெண்களுக்காக வேலூர்ப் பெண்கள் ஒரு நாள் பர்ஸை மூடினால்? ஒன்றும் ஆகாது. அந்த ஷூக்களில் பெரும்பகுதி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. அதை வாங்கும் பர்ஸ் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கிறது. நம் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பு வேறு எங்கிருந்தோ வந்தது.

பீடி இன்னும் மோசம். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் என்று வீட்டுத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது பெண்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று கொஞ்சம் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. பிடிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்கள் வாங்கவே வாங்காத பொருளைப் பெண்கள் புறக்கணிப்பது எப்படி?

மருத்துவமனை இந்த ஊரின் இன்னொரு பெரிய வேலையிடம். பெண்களுக்கென்றே 1918-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. ஆனால் வைத்தியத்தை யாரும் புறக்கணிக்கச் சொல்ல மாட்டார்கள். அதோடு, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ், ஓட்டல், மருந்துக் கடைகளின் வாடிக்கையாளர்கள் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் நோயாளிகளின் குடும்பங்கள். பெயர்ப்பலகையே வங்காள மொழியில் இருக்கும். ஊருக்குள் சத்துவாச்சாரிப் பகுதிப் பெண்கள் ஒரு நாள் வராததை அந்தக் கடைகள் கவனிக்கக்கூட மாட்டா.

மீதி இருப்பது துணிக்கடை. பர்ஸும் வேலையிடமும் ஒரே கவுண்டரின் இரண்டு பக்கமும் நிற்கும் இடம் இது ஒன்றுதான். அண்ணா சாலையிலும் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் லாங்கு பஜாரிலும் உள்ள கடைகளில், இந்தப் பக்கம் வாங்க வந்த பெண், அந்தப் பக்கம் "வேற கலர் காட்டட்டுமாக்கா?" என்று கேட்கும் பெண். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். காலையில் ஏறி நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்பதுதான் வேலை.

அடுத்த முறை போகும்போது கவுண்டருக்கு உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பல கடைகளில் ஸ்டூல் இருக்கும். அதன்மேல் நைட்டி டப்பாவோ, பிரித்துப் போட்ட ஜாக்கெட் துணியோ இருக்கும். ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார். கஸ்டமர் நிற்கும்போது உட்காரக் கூடாது. கஸ்டமர் போனதும் விரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்க வேண்டும். அப்புறம் எப்போது உட்காருவது? கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் சங்கம் கட்டிப் போராடியதில் 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்றார்கள். அப்படியாகத்தான் அந்த ஸ்டூல் வந்தது. டப்பாவை அதன் மேல் வைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுத முடியாது.

சம்பளத்திலும் ஷூ கம்பெனிக் கதைதான். பட்டுப் பிரிவில் புடவையை விரித்து முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் ஆண்கள். அங்கே விலையும் அதிகம், இன்சென்டிவ் கொடுத்தால் அதுவும் அதிகம். நைட்டி, சுடிதார், குழந்தைத் துணி, உள்ளாடை, பேக்கிங் ஆகியவற்றில் பெண்கள். அவர் சேல்ஸ்மேன், இவர் ஹெல்பர் என்று பதிவேட்டில் இருந்தால் ஊதியத்தில் பாகுபாடு என்று நிரூபிப்பது கடினம். 1976-இல் ஐஸ்லாந்து சட்டம் வந்த அதே வருடம் இந்தியாவிலும் சம ஊதியச் சட்டம் வந்தது. பிறகு அதை 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

பாலியல் தொல்லை விஷயத்திலும் 2013 சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். லாங்கு பஜாரின் சிறிய கடைகளில் பத்துப் பேர் இருப்பதே அபூர்வம். ஆகவே அந்தப் பெண்களுக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்தான் வழி. அப்படி ஒரு குழு இருப்பது கடையில் நிற்கும் எத்தனை பெண்களுக்குத் தெரியும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு அன்றைய விற்பனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு அன்றைய இன்சென்டிவ் போகும், தள்ளியும் வராது. கூட்டம் இல்லையென்றால் "நீ ஏன் பராக்கு பார்த்துட்டு நிக்கிற?" என்ற திட்டு வேறு. யாருக்காகப் புறக்கணித்தோமோ அவர் தலையில்தான் முதல் அடி.

அப்படியானால் ஒரு நாள் போதாது, தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் என்று வைத்தால்? அப்போது நிஜமாகவே வலிக்கும். ஆனால் அங்கே இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. நம் பெண்களில் பலர் தீபாவளிச் செலவுப் பணத்தை வருடம் முழுக்கச் சீட்டாகக் கட்டி முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, துணிக்கடைச் சீட்டு. நகைக்கடையில் பதினொரு மாதத் தவணை. ஏற்கெனவே கடைக்காரரிடம் இருக்கும் பணத்தைக் காட்டி அவரையே மிரட்ட முடியாது. இந்தச் சீட்டு முறையை யார் கண்டுபிடித்தாரோ, புறக்கணிப்புக்கு அவரைவிடப் பெரிய எதிரி கிடையாது!

துணிக்கடைப் பெண்களுக்காக வாடிக்கையாளர் பெண்கள் கிளம்பியது புது விஷயமும் அல்ல. நியூயார்க்கில் 1890 வாக்கில் ஆலிஸ் உட்பிரிட்ஜ் என்பவர் பெரிய கடைகளில் வேலை செய்யும் பெண்களின் நிலையைத் தொகுத்து ஊர் முன் வைத்தார். அதைத் தொடர்ந்து ஜோசஃபின் ஷா லோவல் தலைமையில் 1891-இல் நுகர்வோர் லீக் ஒன்று தொடங்கியது. அவர்கள் 'எங்கேயும் வாங்காதே' என்று சொல்லவில்லை. 'இங்கே வாங்கு' என்று ஒரு வெள்ளைப் பட்டியல் போட்டார்கள். முதல் பட்டியலில் தேறியவை எட்டே கடைகள். பட்டியலில் சேர நிபந்தனைகள்: சம மதிப்புள்ள வேலைக்கு ஆண் பெண் பேதமில்லாத ஊதியம், அனுபவமுள்ள வயது வந்த ஊழியருக்கு வாரம் குறைந்தது 6 டாலர், காலை 8 முதல் மாலை 6 வரைதான் வேலை, சாப்பிட முக்கால் மணி நேரம். இருக்கையைப் பற்றியும் ஒரு வரி உண்டு: இருக்கை போட்டிருந்தால் போதாது, அதில் உட்கார அனுமதியும் இருக்க வேண்டும். நியூயார்க்கிலும் ஸ்டூல்மேல் டப்பா வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அந்த லீகுக்கும் ஒரு கோணல் உண்டு. அது வசதியான வீட்டுப் பெண்களின் அமைப்பு. கடை முதலாளியும் சரி, கடை ஊழியரும் சரி, அதில் உறுப்பினராக முடியாது. உழைக்கும் பெண்ணுக்காக உழைக்கும் பெண் இல்லாமலே முடிவெடுப்பது என்ற பழைய நோய். 1899-இல் அது நாடு தழுவிய லீகாகி ஃபுளோரன்ஸ் கெல்லி பொறுப்பேற்ற பிறகு, வேலை நேரம், குழந்தைத் தொழில் என்று சட்டத்தின் பக்கம் வேகமாகத் திரும்பியது. வாங்குபவர்களின் நல்லெண்ணம் மட்டும் வெகுதூரம் இழுக்காது என்பதை அவர்களும் புரிந்துகொண்டார்கள்.

நம் ஊருக்கும் புறக்கணிப்புக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு, கடைக்கு வெளியே. 1930-களின் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கத்தில் கைதான சென்னை மாகாணத்துப் பெண்கள் வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அன்னியத் துணிக்கடை முன் மறியல் செய்த எஸ். அம்புஜம்மாள் போன்றவர்கள் அவர்களில் உண்டு. அந்தப் பகிஷ்காரம் ஒரு நாள் கூத்தாக முடியாததற்குக் காரணம், வாங்காதே என்றதோடு கதர் வாங்கு என்றும் அது சொன்னது. வாங்காத கடைக்கு எதிரே வாங்க ஒரு கடை இருந்தது.

ஷூ கம்பெனிப் பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது? திண்டுக்கல்லைப் பார்க்கலாம். அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021-இல் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 'இந்தத் துணியை வாங்காதீர்கள்' என்று கேட்கவில்லை. அந்த ஆலையில் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம், ஆர்டரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், ஒப்பந்தம் போடுங்கள் என்று கேட்டது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்குள் தொழிலாளர் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வெளிநாட்டு நிறுவனங்கள் வியாபாரத்தில் கை வைக்கும் என்பது பிடி. அந்த ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை இந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது. ஒப்பந்தத்தின்படி நடந்த சீர்திருத்தங்களைக் காட்டி செப்டம்பரிலேயே தடை நீங்கியது. தடை நீடித்திருந்தால் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் முதலில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2013-இல் வங்கதேசத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தபோது, எங்கள் துணியைப் புறக்கணிக்காதீர்கள் என்று வங்கதேசத் தொழிற்சங்கத்தினரே கெஞ்சியதும் இதனால்தான். ஆம்பூர்ப் பெண்களுக்காக ஜெர்மானியப் பர்ஸை அசைக்க வேண்டுமென்றால், அது ஆம்பூர்ச் சங்கத்தின் கோரிக்கையாகப் போய்ச் சேர வேண்டும். மகளிர் தின வாசகமாகப் போனால் பயனில்லை.

துணிக்கடைக்கு வேலூரில் ஒரு வெள்ளைப் பட்டியல் சாத்தியமா? சில விஷயங்களை வாங்கப் போகிற பெண் தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஸ்டூல் காலியாக இருக்கிறதா, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா. புகார்க் குழு பற்றிய அறிவிப்பு தெரியும் இடத்தில் ஒட்டியிருக்கிறதா. ஒட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பட்டுப் பிரிவில் ஒரு பெண்ணாவது நிற்கிறாரா. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் நின்றால், எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்பது கடைகளை நாள் முழுவதும் திறக்க அனுமதித்த அரசாணையின் நிபந்தனை. இதைக் கவுண்டரில் நின்றபடியே கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரியாதது சம்பளச் சீட்டு. அதைக் கடைக்குள் வைத்துக் கேட்டால் பதில் சொல்லும் பெண்ணின் வேலை போகும். இங்கேதான் பட்டியல் போடுவோருக்கு ஊழியர் பெண்களின் சங்கம் தேவைப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணும் கடைக்கு வாங்கப் போகும் பெண்ணும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். ஊர் வாரியாகக் கூட்டமைப்புகளும் இருக்கின்றன. ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காலம் என்று பார்த்தால் ஆடிக்கு முந்தின மாதம். கல்யாணம் இல்லாத ஆடியில் சரக்கைத் தள்ள வேண்டிய அவசரம் கடைக்காரருக்கு இருக்கும். நோட்டீசும் விளம்பரமும் பறக்கும். எந்தக் கடை என்று பெண்கள் தேர்ந்தெடுக்கும் பருவமும் அதுதான். சீட்டுப் பணமும் அப்போது முழுதாக உள்ளே போயிருக்காது.

பட்டியலுக்கு வெளியே நிற்கும் கடைகளுக்கு இன்னொரு வழி, தொழிலாளர் துறைக்கு எழுதிப் போடுவது. உதவி ஆய்வாளர் கடைக்குள் போய்ப் பதிவேட்டைக் கேட்கலாம். ஊழியர் எழுதினால் யார் எழுதியது என்று மறுநாள் கடையில் விசாரணை நடக்கும். வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் பில் நம்பரோடு கையெழுத்துப் போட்டு எழுதினால், அதில் எந்த சேல்ஸ் கேர்ளின் பெயரும் இருக்க வேண்டியதில்லை.